பால் விட்டவர் சுட்ட பேன்கேக்

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். ஒரு காய், ஒரு பழம், மனசுக்குப் பிடித்தது எதுவோ அது. ராஜபாளையத்திலிருந்து போகிறவர்கள் இந்த வழக்கத்தை மீறுவதே இல்லை. ஆனால் ரயில் விருதுநகரைத் தாண்டுவதற்குள், எதை விட்டால் வலிக்காது என்று யோசித்து முடித்திருப்பார்கள். கொத்தவரங்காயை விட்டவர்கள் நிறைய. ஊரில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திராத லிச்சிப் பழத்தை விட்டுவிட்டு, கங்கையில் மூன்று முழுக்குப் போட்டு, நிம்மதியாகத் திரும்பிய மில் முதலாளி ஒருவரும் உண்டு.

எண்பத்தாறில் போன குழுவில் வைகுண்டராஜ் பாலை விட்டார்.

பால் என்றால் பால் மட்டுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர் எந்த வாசகத்திலும் ஓட்டை வைக்க மாட்டார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "பாலும், பாலிலிருந்து பெறப்படும் தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்கோவா உள்ளிட்ட சகல பண்டங்களும்" என்று உரக்கச் சொன்னார். சங்கல்பம் செய்துவைத்த பண்டா புரோகிதருக்குத் தமிழ் தெரியாது, தலையை ஆட்டிவைத்தார். படித்துறையில் ஈர வேட்டியோடு நின்ற முப்பது ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தமிழ் தெரியும். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அவருக்கு முன்னால் முழுக்குப் போட்டவர் இருளப்பசாமி. அவர் விட்டது பாகற்காய்.

திரும்பி வந்ததும் காசி சமாராதனை நடந்தது. சாப்பாட்டுக்கு முன் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வைகுண்டராஜ் இருபது நிமிஷம் பேசினார். "சில பேர் பாகற்காயை விட்டிருக்கிறார்கள். ஆளை விட்டார்களே என்ற நிம்மதியில் பாகற்காய்தான் காசிக்குப் போய் முழுக்குப் போட வேண்டும்" என்றார். பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் இலை எடுப்பதற்குள் இருளப்பசாமி 'பாகக்காச்சாமி' ஆகிவிட்டார். ஊர் ஒரு பெயரை வைத்துவிட்டால் அதை ரத்து செய்ய எந்தக் கோர்ட்டாலும் ஆகாது.

முதல் ஆறு மாசம் வைகுண்டராஜுக்கு ராஜமரியாதை. "அவிய பால் கைல தொட மாட்டாவ" என்று பஸ்ஸில் அவரைக் காட்டிப் பேசினார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு பதார்த்தத்தையும் குறுக்கு விசாரணை செய்வார். "பருப்புல நெய் விட்டாச்சா? எப்ப விட்டிய? அந்தக் கரண்டியையா சாம்பார்லயும் போட்டிய?" பரிமாறுகிறவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர்கள் பாயசத்துக்கு வந்திருப்பார்கள். அதற்கப்புறம் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. நேரில் வந்து கூப்பிடுவது நின்றது.

அதுகூடப் பெரிதில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் காப்பி குடிக்கப் போவது. இவர் போனால் அந்த வீட்டம்மாள் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் காலி டம்ளரோடு வாசல்படியில் நிற்பாள். இவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கோ சுக்குத் தண்ணீர்தான் கிடைத்தது. ஒரு தடவை குடித்தவர்கள் மறுதடவை தெருவோடு கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். மனைவி ஆவுடையம்மாள் காசிப் பயணத்துக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தாள். மகன் ஜபல்பூரில் ராணுவத்தில் இருந்தான். இரண்டு மாசத்துக்கு ஒரு கடிதம். காலையில் பால்காரரின் சைக்கிள் மணி எதிர்வீட்டில் நிற்கும், பக்கத்து வீட்டில் நிற்கும். அந்த ஆளிடம் தினமும் அரை நிமிஷமாவது மழையைப் பற்றிப் பேசியது ஒரு காலம். இப்போது மணி இவர் வாசலைத் தாண்டும்போது அடிப்பதுகூட இல்லை.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. மே மாசம் ஒரு திங்கட்கிழமை, வீட்டு வேலைக்கு வரும் பிச்சையம்மாள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இருளப்பசாமி அய்யா வீட்டைக் காலி பண்ணுதாவ. மக கோயமுத்தூருக்கே வந்துருங்கன்னு ஒரே பிடி. வார ஞாயித்துக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுதாவ." அவள் அந்த வீட்டிலும் வேலை பார்த்தாள்.

வைகுண்டராஜ் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

இருபத்தெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்தவர்கள். இவருக்குக் கோர்ட், அவருக்குக் கருவூலம். மத்தியானம் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் இரண்டு தூக்குச்சட்டியையும் திறந்து வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். இருளப்பசாமியின் சட்டியில் வாரத்துக்கு நாலு நாள் பாகற்காய் இருக்கும். வறுவல், புளிக்குழம்பு, வெல்லம் போட்ட பிரட்டல். அவர் மனைவி சண்முகத்தாயின் கைப்பக்குவம் அது. மற்றதையெல்லாம் பங்கு போடுகிற மனுஷன் பாகற்காயை மட்டும் கையால் மறைத்துக்கொள்வார். "ஓய், இது உமக்குக் கசக்கும்" என்பார். சட்டியின் ஓரத்தை வழித்து விரலை நக்குவார்.

ஆக, அந்தப் படித்துறையில் நின்ற முப்பது பேரில், மனசுக்குப் பிடித்ததை உண்மையாகவே விட்டவர் இருளப்பசாமி ஒருவர்தான். அது தெரிந்த ஒரே ஆள் வைகுண்டராஜ்.

இன்னொன்றும் உண்டு. காசிக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வைகுண்டராஜின் வயிற்றைத் தட்டிப் பார்த்த டாக்டர், "பால் பக்கமே போகாதீங்க, உங்க குடலுக்கு அது சேரலை" என்று சொல்லியிருந்தார். அன்று கூடப் போய், வெளிப் பெஞ்சில் குடையோடு உட்கார்ந்து அத்தனையையும் கேட்டவர் இருளப்பசாமி. சமாராதனைப் பந்தலில் அத்தனை பேர் சிரித்தபோது அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இந்த மூன்று வருஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இவர் வீட்டுப் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

திட்டியிருந்தாலாவது வைகுண்டராஜ் பதில் மனு போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். தனியாகச் சொன்னால் செல்லாது. அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, திருத்தமும் நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்துக்கு இருளப்பசாமியோடு காசிக் குழுவில் இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவது. ஆனால் நெய் இல்லாத பொங்கலுக்கும் சுக்குத் தண்ணீருக்கும் யார் வருவார்கள்? ஊரில் யாரும் சாப்பிட்டிராத ஒன்று வேண்டும்.

வாசகசாலையில் கிடந்த ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையில் அது இருந்தது. 'விடுமுறை நாள் காலைக்குப் பழப் பேன்கேக்.' தட்டில் அடுக்கடுக்காக, மேலே பழம் வழிய, படமும் போட்டிருந்தார்கள். வைகுண்டராஜ் அதை உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டார். பால், முட்டை, வெண்ணெய் மூன்றையும் அடித்து, ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் கோர்ட் வழக்கப்படி சுருக்கொப்பம் போட்டார். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். முட்டைக்குப் பதில் பிசைந்த வாழைப்பழம். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். தேன் வேண்டும் என்று இருந்தது. தேனீயும் ஒரு ஜீவன்தானே என்று அரைமணி நேரம் யோசித்து, அதையும் அடித்துக் கருப்பட்டிப் பாகு என்று எழுதி, ஒப்பமிட்டார். கடைசியில் மூலப் பத்திரத்தில் மிஞ்சியது மாவும் உப்பும் பழமும்தான்.

பிறகு நாலு வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டார். நாலு பேரும் "பாக்கலாம் அண்ணாச்சி" என்றார்கள். இருளப்பசாமி வீட்டுக்கு மட்டும் பிச்சையம்மாளிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் திரும்பி வந்து, "வாரேன்னாவ" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்பங்கரையில் ஆரம்பித்தார். பழைய தோசைக்கல் ஆவுடையம்மாள் காலத்தில் முப்பது வருஷம் நெய் குடித்த கல். அது விரதத்துக்கு ஆகாது என்று புதிதாக ஒரு கல் வாங்கியிருந்தார். இரண்டு தேங்காயைத் திருகி, சுடுதண்ணீர் தெளித்துப் பிழிந்து, கெட்டியான முதல் பாலை மட்டும் எடுத்துக்கொண்டார். நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழம் ஆறு. தோலில் கரும்புள்ளி விழுந்தவை. அவற்றைப் பிசைந்து, மைதாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி சேர்த்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, ஏலக்காய்த் தூள், தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்தார். மாவு கரண்டியிலிருந்து பட்டுப்போல இறங்கியது. மலையடிவாரத் தோப்பிலிருந்து வந்த சப்பட்டை மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டார். பலாச்சுளையை நீளமாக நறுக்கினார். முந்திரியை எண்ணெயில் வறுத்தார். கருப்பட்டியை இளக்கி வடிகட்டி, பாகு விரலில் கம்பி இழுக்கும்போது இறக்கினார். எதிலும் சிக்கனம் இல்லை. வீடு மணந்தது. இந்த வீடு மணந்து வருஷக்கணக்காகிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் கரண்டி மாவைக் கல்லில் ஊற்றினார். அது ஒட்டிக்கொண்டது. சுரண்டினார், கந்தலாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கருகியது. வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த தாளை மறுபடி படித்தார். ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அதில் ஷரத்து எதுவும் இல்லை.

பாத்திரம் விளக்க வந்த பிச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னய்யா இது, பழ தோசையா?"

"பேன்கேக். மேல்நாட்டுப் பலகாரம்."

"எந்த நாட்டுப் பலகாரமா இருந்தா என்ன? புதுக் கல்லைப் பழக்காம மாவை ஊத்துனா ஒட்டத்தான் செய்யும். தள்ளுங்க."

ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தோய்த்து, கல்லை அழுத்தித் தேய்த்தாள். காயவிட்டாள், மறுபடி தேய்த்தாள். நாலு தடவை. அப்புறம் கல்லை நன்றாகத் துடைத்து, எண்ணெயைத் தடவிவிட்டு, "இப்ப ஊத்துங்க" என்றாள். மாவு வட்டமாகப் பரவி, பொத்துப் பொத்தென்று குமிழ் விட்டது. ஓரம் சிவந்ததும் திருப்பினார். தங்க நிறத்தில், விரல் கனத்தில், பஞ்சுபோல எழும்பி நின்றது. பாராட்டுக்காக அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பாத்திரம் விளக்கப் போயிருந்தாள்.

எட்டு மணி என்று சொல்லியிருந்தார். எட்டேகாலுக்கு ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து, முதலாளிக்கு மதுரையில் சோலி என்றான். இன்னொருவருக்குக் காய்ச்சல். மூன்றாமவர் அய்யனார் கோவில் அருவிக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். காசிக் குழுவின் தலைவர் பொன்னுராஜிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. வைகுண்டராஜ் சூடு ஆறாமல் ஒரு துணியால் அடுக்கை மூடி வைத்தார்.

எட்டரைக்கு இருளப்பசாமி வந்தார். மெலிந்திருந்தார். குடையை வாசலில் சாத்தினார்.

"என்னவே, தெருமுனை வரைக்கும் மணக்கு."

"வாரும், வாரும். உக்காரும்."

மூன்று வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு இதுதான். தட்டில் மூன்று பேன்கேக்கை அடுக்கி, மேலே மாம்பழமும் பலாச்சுளையும் குவித்து, முந்திரி தூவி, கருப்பட்டிப் பாகை வழியவிட்டு வைத்தார். இருளப்பசாமி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். இன்னொரு வாய்.

"பாலே இல்லாமலா இம்புட்டு மெத்துமெத்துன்னு வந்திருக்கு?"

"ஒரு சொட்டு கிடையாது. முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை."

"பாகக்காயும் போடலையே?" என்று இருளப்பசாமி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு. பழைய சிரிப்பு.

வைகுண்டராஜ் கரண்டியைக் கீழே வைத்தார். சாட்சி வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் நேரம். "இருளப்பா" என்று ஆரம்பித்தார். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

பொன்னுராஜ் பஞ்சு அரவை ஆலை வைத்திருப்பவர். வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். "அண்ணாச்சி, மன்னிக்கணும், வீட்டுல பொங்கல் வச்சிட்டா, வயிறு நிறைஞ்சு போச்சு. ஆனா சந்தோஷமான சேதி. அடுத்த மாசம் நம்ம குழுவுக்கு ஆண்டு விழா. உங்களுக்குச் செப்புப் பட்டயம் குடுக்கதா தீர்மானம் போட்டாச்சு. 'பால் துறந்த பெருந்தகை'ன்னு. எழுத்து வெட்ட ஆளும் சொல்லியாச்சு." அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "அடடே, பாகக்காச்சாமி அண்ணாச்சி! நீங்களும் விழாவுக்கு இருந்துட்டுப் போகலாம்லா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அது பெயராகவே ஆகிப்போயிருந்தது. இருளப்பசாமி தலையை ஆட்டிவிட்டு, மாம்பழத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

வைகுண்டராஜ் எழுந்து நின்றார். கோர்ட்டில் கூப்பிட்டதும் எழுந்து நிற்பதைப்போல. "பொன்னுராஜ், அந்தப் பட்டயம் சரிப்படாது. எனக்குப் பால் சேராது. காசிக்குப் போறதுக்கு ஒரு வாரம் முந்தி டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார். குடிச்சா வயித்தால போகும். நான் விட்டது விரதமில்லை, வைத்தியம். இருளப்பனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டார்.

பொன்னுராஜுக்குக் கண் கலங்கியது. "கேட்டியளா!" என்று இருளப்பசாமியிடம் திரும்பினார். "அவனவன் கொத்தவரங்காயை விட்டுட்டுக் கொடி பிடிக்கான். இவிய பாலையே விட்டுட்டு, அதுல ஒண்ணுமில்ல, சீக்குன்னுதாவ! அடக்கம்னா இதுதான். அண்ணாச்சி, 'பெருந்தகை' போதாது. 'பணிவின் சிகரம்'னும் ஒரு வரி சேத்துருதேன்."

வைகுண்டராஜ் மறுக்க வாயைத் திறந்தார். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு இளஞ்சூடு பரவியது. காசிப் படித்துறையில் பரவிய அதே சூடு. மூன்று வருஷமாகக் கிடைக்காதது.

அடுத்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது. 'பாகற்காய்னா இருளப்பனுக்கு உசுரு. அது தெரிஞ்சுதான் அன்னிக்கு நான் சிரிக்க வச்சேன்.' அதைச் சொன்னால் பொன்னுராஜாலும் அதை அடக்கம் என்று சொல்ல முடியாது. அதை எந்தச் செம்பிலும் வெட்ட முடியாது.

இருளப்பசாமி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பாகு ஒட்டிய கை தட்டின்மேல் அசையாமல் நின்றது. நிமிர்ந்து வைகுண்டராஜின் முகத்தைப் பார்த்தார். அவசரப்படாமல், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப்போல, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்றார் வைகுண்டராஜ்.

"போதும்வே."

பொன்னுராஜ் நின்றபடியே, தட்டில் வைத்துக் கொடுத்ததில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, "நம்ம பணியாரம் மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, செப்புத் தகட்டின் கனத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பினார். கார் போனது. இருளப்பசாமி கொல்லையில் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"சண்முகத்தாய்க்கு நாலு கட்டித் தாரேன்" என்றார் வைகுண்டராஜ்.

"அவளுக்குச் சர்க்கரை." குடையை எடுத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சு. பொய்யில்லை, ரொம்ப நல்லா இருந்துச்சு. வாரேன்."

"கோயமுத்தூர் விலாசம்..."

"போய் எழுதுதேன்."

எழுத மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வைகுண்டராஜ் வாசலில் நின்றார். இருளப்பசாமி வெயிலில் குடையை விரித்து, தெரு திரும்பும் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கிருந்து சொன்னால் அவள் காதிலும் விழும் என்று தோன்றியது.

உள்ளே வந்தார். பிச்சையம்மாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருளப்பனுக்குப் பாகக்கான்னா உசுரு" என்றார் அவள் முதுகைப் பார்த்து. "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அன்னிக்கு அப்படிப் பேசுனேன்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்யா. அந்த வீட்டுல மூணு வருஷமா பாகக்கா உள்ள வரலை. தெருவுல கூறு கட்டி வித்துட்டு வந்தா அவிய எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிருவாவ." துணியைப் பிழிந்து உதறினாள். "இத அவியகிட்டச் சொன்னியளா?"

"இல்லை."

"பொறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

அவள் பதிலுக்கு நிற்காமல், வீட்டுக்கு என்று ஐந்து பேன்கேக்கை வாழையிலையில் வைத்துக் கட்டிக்கொண்டாள். மேலே கொஞ்சம் மாம்பழத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மிச்சத்தை வைகுண்டராஜ் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆறிப்போயிருந்தாலும் மெத்தென்றுதான் இருந்தது. பாகு இறங்கி அடிப்பக்கம் ஊறி, வாழைப்பழமும் தேங்காயும் ஏலக்காயுமாக நாக்கில் கரைந்தது. அவருக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் இவ்வளவு ருசியாக ஒரு பலகாரம் செய்ததில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

விருந்துக்கு எடுத்து வைத்த ஆறு தட்டில் மூன்று அழுக்காகவே இல்லை. பிச்சையம்மாள் அந்த மூன்றையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள்.